சி.எல். போட்டால் அது ஸ்டிரைக்கா?

கேள்வி: ஐயா, வணக்கம். ஓசூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் சி.என்.சி. மிஷின் ஓட்டுகிறேன். நிரந்தரத் தொழிலாளர்கள் 240 பேர், கான்ட்ராக்ட் ஆட்கள் 200 பேருக்கு மேல். போனஸ் பேச்சு இழுத்துக்கொண்டே போனதால் போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நிரந்தரத் தொழிலாளர்களில் 170 பேர் சி.எல். (தற்செயல் விடுப்பு) எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தோம். கேட்டில் கூட்டம் போடவில்லை, கோஷம் எழுப்பவில்லை. திங்கட்கிழமை போனால், "சட்டவிரோத ஸ்டிரைக்கில் ஈடுபட்டதற்காக 8 நாள் சம்பளம் பிடித்தம் செய்யப்படும்" என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். ஆளுக்கொரு மெமோவும் வந்திருக்கிறது. கல்லூரியில் ஆங்கிலம் படிக்கும் என் மகள், "ஸ்டிரைக்னா அடிக்கிறதுப்பா, நீங்க யாரை அடிச்சீங்க?" என்று கேட்கிறாள். உண்மையில் அந்தச் சொல்லுக்கு என்னதான் அர்த்தம்? எங்கிருந்து வந்தது? நாங்கள் செய்தது ஸ்டிரைக்கா, லீவா?

பதில்: மெமோவுக்குக் கெடு ஓடிக்கொண்டிருக்கும். எனவே அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றைய சட்டத்தின்படி கூட்டாக சி.எல். போடுவதையும் ஸ்டிரைக் என்று சொல்ல இடமிருக்கிறது. உங்கள் நிர்வாகம் சும்மா மிரட்டவில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் எண்ணிக்கையைப் பார்த்தால் அவர்கள் கணக்கில் ஒரு ஓட்டை தெரிகிறது. அந்த 8 நாள் பிடித்தமும் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டால் தானாக வந்துவிடுகிற விஷயமல்ல. இரண்டையும் பிறகு விரிவாகச் சொல்கிறேன். உங்கள் மகள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லவேண்டும். ஏனென்றால் அந்தச் சொல் வந்த வழி தெரிந்தால்தான் சட்டத்தில் அது ஏன் இப்படி நிற்கிறது என்பது விளங்கும்.

ஸ்டிரைக் என்றால் அடி என்பது பின்னால் வந்த அர்த்தம். பழைய ஆங்கிலத்தில் இதன் மூலச் சொல்லுக்கு, மேலோட்டமாகத் தடவிக்கொண்டு போவது, வழிப்பது என்றுதான் பொருள். ஸ்ட்ரோக் என்ற சொல்லும் அதே வேர். ஜெர்மன் மொழியில் இதன் உறவுச் சொல் இன்றும் தடவுவதையும் பூசுவதையும்தான் குறிக்கிறது. நெல் அளக்கும்போது படியின் தலையை ஒரு குச்சியால் வழித்துவிடுவோம் அல்லவா, இங்கிலாந்தில் தானியம் அளந்தவர்கள் அந்தக் குச்சியையே ஸ்டிரைக் என்றார்கள். பட்டியலில் ஒரு பெயரின் மேல் கோடு இழுப்பதும் இந்தச் சொல்லின் வேலைதான். நாமும் "பேரை அடிச்சுட்டாங்க" என்கிறோமே, அங்கே யாரும் யாரையும் அடிப்பதில்லை.

வேலைநிறுத்தத்துக்கு இந்தப் பெயர் வந்தது கப்பலிலிருந்து. பாயை இறக்குவதற்கு ஆங்கில மாலுமிகள் ஸ்டிரைக் என்ற வினையைத்தான் பயன்படுத்தினார்கள். வலிமையான எதிரிக் கப்பலின் முன்னால் கொடியை இறக்கிச் சரணடைவதற்கும் அதே சொல்தான். ஆண்டு 1768. ரொட்டி விலை ஏறிக் கிடந்த காலம், மாலுமிகளின் கூலியோ ஏறவில்லை. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் நிலக்கரி ஏற்றும் துறைமுகம் சண்டர்லேண்ட். அங்கே மாலுமிகள் கூட்டமாகத் திரண்டு, ஊர்ச் சந்தியில் தங்கள் குறைகளை எழுதிய தாளைப் படித்துக் காட்டினார்கள். பிறகு துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் ஏறி, பாயைத் தாங்கும் குறுக்குக் கழிகளை இறக்கிவிட்டார்கள். நம் கடலோரத்தில் அந்தக் கழியைப் பருமல் என்பார்கள். பருமல் இறங்கிய கப்பல் எங்கும் போகாது. எதிரிக்குப் பணிவதற்கான செயலாக இருந்ததை முதலாளிக்குப் பணியமாட்டேன் என்பதற்கு அவர்கள் திருப்பிவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

அந்த அலை சீக்கிரமே லண்டனுக்கும் வந்தது. தேம்ஸ் ஆற்றில் கப்பல்கள் நின்றன. அதே 1768 மே மாதத்தில் லண்டனில் தொப்பி தயாரிக்கும் தொழிலாளர்கள் "ஸ்டிரைக் செய்தார்கள்", கூலி உயரும்வரை வேலை செய்ய மறுத்தார்கள் என்று அந்தக் காலத்து ஆண்டுத் தொகுப்பு நூல் ஒன்று பதிவு செய்திருக்கிறது. தொப்பிக்காரர்களிடம் இறக்க என்ன பாய் இருந்தது? சொல் கப்பலை விட்டு இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். அமைதியான ஆண்டு அல்ல அது. நிலக்கரி சுமப்பவர்களின் போராட்டம் கைகலப்பாகி, துப்பாக்கிச் சூடாகி, கோடைகாலத்தில் அவர்களில் 7 பேரைத் தூக்கிலிட்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அன்று இது வினைச்சொல். செய்தவர்களே தங்கள் செயலைச் சொல்லப் பயன்படுத்திய சொல். சட்டத்துக்கு இந்தச் சொல் தெரியாது, தெரிந்துகொள்ளவும் அது விரும்பவில்லை. 1799, 1800 ஆண்டுகளில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கொண்டுவந்த தடைச் சட்டங்கள் 'காம்பினேஷன்' என்ற சொல்லைத்தான் பிடித்துக்கொண்டன. கூலிக்காகத் தொழிலாளர்கள் கூட்டுச் சேர்வதே குற்றம். ஒருவன் தனியாக வேலையை விட்டுப் போனால் இந்தச் சட்டங்கள் தொடாது, பத்துப் பேர் பேசி வைத்துக்கொண்டு விட்டால் சிறை. அந்தச் சட்டங்களை 1824-ல் நீக்கினார்கள், அடுத்த ஆண்டே பாதியைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். சட்டம் போனாலும் கூட்டுச் சேர்வதைப் பற்றிய சந்தேகம் சட்டத்தின் மூளையை விட்டுப் போகவில்லை. உங்கள் மெமோவில் "கூட்டாக", "திட்டமிட்டு" என்ற சொற்கள் கண்டிப்பாக இருக்கும், எடுத்துப் பாருங்கள். அவை அந்தக் காலத்துச் சரக்கு.

ஸ்டிரைக் பெயர்ச்சொல்லாக ஆனது 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அப்போதும் வட இங்கிலாந்தின் பஞ்சாலைகளில் 'டர்ன் அவுட்', அதாவது வெளியேறுதல், என்பதுதான் பேச்சு வழக்கு. மெல்ல மெல்ல ஸ்டிரைக் அதைத் தள்ளிவிட்டது. முதலாளிகள் தரப்பில் அதற்கு எதிர்ச்சொல்லாக 'லாக் அவுட்' வந்து சேர்ந்தது. நாம் கதவடைப்பு என்கிறோம். 1853-54-ல் பிரஸ்டன் நகரத்துப் பஞ்சாலை முதலாளிகள் மாதக்கணக்கில் ஆலைகளைப் பூட்டி வைத்தது அந்தச் சொல்லுக்கு நாடறிந்த உதாரணம். போராட்டத்தின்போது வேலைக்குப் போகிறவனுக்கு 'பிளாக்லெக்' என்று பெயர். முன்பு குதிரைப் பந்தயத்தில் ஏமாற்றிப் பிழைப்பவனைக் குறித்த வசவு அது. நம் தொழிற்சங்க மேடைகளில் முழங்கும் 'கருங்காலி' இதோடு காலுக்குக் கால் பொருந்துவதும், கோடரிக்குக் காம்பாகித் தன் இனத்தையே வெட்டும் மரத்தின் கதை அதோடு ஒட்டிக்கொண்டதும் தமிழுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

20-ம் நூற்றாண்டில்தான் நீதிமன்றம் இந்தச் சொல்லை முழுசாகக் கையில் எடுத்தது. 1901-ல் வேல்ஸ் பகுதியின் டாஃப் வேல் ரயில்வே வழக்கில், ஸ்டிரைக்கால் கம்பெனிக்கு ஏற்பட்ட நட்டத்துக்குத் தொழிற்சங்கத்தின் மேலேயே வழக்குப் போடலாம் என்று, அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. கடைசியில் சங்கம் தந்த இழப்பீடு 23,000 பவுண்டு. கொதித்துப்போன தொழிலாளர் இயக்கம் தேர்தல் களத்தில் இறங்கி, 1906-ல் சங்கங்களுக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் வரவைத்தது. அந்தப் பாதுகாப்பு இந்தியாவுக்கு வரவில்லை. 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது அதை நடத்திய பி. பி. வாடியா, திரு.வி.க. போன்றோருக்கு இங்கே சட்டக் கவசம் ஏதும் கிடையாது. 1920-ல் பெரம்பூரில் இருந்த பின்னி ஆலையில் கதவடைப்பு வந்தது. ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டினார்கள் என்று நிர்வாகம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், வாடியா உள்ளிட்டவர்களுக்குத் தடையாணை வாங்கியது. வாடியா சங்கத்திலிருந்து ஒதுங்கவேண்டி வந்தது. இப்படியே விட்டால் எந்தச் சங்கமும் பிழைக்காது என்று தொழிற்சங்கத் தலைவர் என். எம். ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் குரல் எழுப்பியதன் பலன்தான் 1926-ன் தொழிற்சங்கச் சட்டம். இன்று சங்கத் தலைவர் ஒருவர் போராட்டத்தை அறிவித்துவிட்டுச் சிவில் வழக்குப் பயம் இல்லாமல் வீட்டுக்குப் போகிறார் என்றால், பெரம்பூரில் நடந்த அந்தச் சண்டைக்கும் அதில் பங்கு உண்டு.

இனி உங்கள் மெமோவில் இருக்கும் வரையறைக்கு வருவோம். 1926 மே மாதம் பிரிட்டனில் 9 நாள் பொது வேலைநிறுத்தம் நடந்தது. சுரங்கத் தொழிலாளர்களுக்காக ரயில், அச்சகம், துறைமுகம் எல்லாம் நின்றன. பயந்துபோன அரசாங்கம் 1927-ல் ஒரு பழிவாங்கும் சட்டம் போட்டது. அதில்தான் ஸ்டிரைக்குக்கு இப்படி வரையறை எழுதினார்கள்: ஒரு தொழிலில் வேலைசெய்யும் ஒரு குழுவினர் கூட்டாக வேலையை நிறுத்துவது, அல்லது எத்தனை பேரானாலும் பேசிவைத்துக்கொண்டோ பொதுவான புரிதலின் பேரிலோ வேலையைத் தொடர மறுப்பது. காரணம் என்ன, கோரிக்கை நியாயமா என்ற பேச்சே அதில் இல்லை. மறுத்தாயா, கூட்டாக மறுத்தாயா, இவ்வளவுதான் கேள்வி.

இரண்டே ஆண்டில் அந்த வாக்கியம் கப்பலேறி இந்தியாவுக்கு வந்து 1929-ன் தொழில் தகராறுச் சட்டத்தில் உட்கார்ந்தது. பிரிட்டனில் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்ததும் 1946-ல் முதல் வேலைகளில் ஒன்றாக அந்த 1927 சட்டத்தையே தூக்கி எறிந்தது. இங்கே? சுதந்திர ஆண்டான 1947-ல் வந்த நம் தொழில் தகராறுகள் சட்டம் அதே வாக்கியத்தை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டது. எழுதியவர்களே கைகழுவிய வாக்கியத்தை நாம் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் கட்டிக்காத்தோம். இந்தச் சட்டத்தை வைத்துத்தான் பிழைக்கிறேன், ஆனாலும் இதை நினைத்தால் எரிச்சல் வரத்தான் செய்கிறது.

பிரிட்டனில் சொல் வேறு வழியில் விரிந்தது. 1975-ல் 'நியூ ஹொரைசன்' என்ற கப்பல் பிரான்சின் சான் நசேர் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. 24 மணி நேரமும் ஷிப்டு முறையில் சரக்கு இறக்கும் இடம் அது. கிரேன் ஓட்டுநர்கள் பகலில் ஒழுங்காக வேலை செய்தார்கள், இரவு ஷிப்டு மட்டும் வரமாட்டோம் என்றார்கள். இது ஸ்டிரைக்கா? கப்பல் காத்துக்கிடந்த தாமதச் செலவு யார் தலையில் என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது. ஆமாம், ஸ்டிரைக்தான், முழுநேரமும் வேலையை நிறுத்தியிருக்கவேண்டும் என்பதில்லை என்றது லார்டு டென்னிங் தலைமையிலான மேல்முறையீட்டு நீதிமன்றம். ஆனால் சம்பளத்துக்காகவோ குறையைச் சொல்லவோ எதிர்ப்பைக் காட்டவோ நடக்கும் கூட்டு நிறுத்தம் என்று நோக்கத்தையும் சேர்த்துத்தான் அவர் விளக்கினார். நம் வரையறையில் இல்லாத அம்சம் அது. கப்பலில் பிறந்த சொல் இருநூறு ஆண்டு கழித்துக் கப்பல் வழக்குக்கே திரும்பியதை என் ஜூனியர்களிடம் சொல்வதுண்டு. அவர்கள் அவ்வளவாக ரசிப்பதில்லை.

வேலைக்கு வெளியேயும் அந்தச் சொல் ஊர் சுற்றியிருக்கிறது. 1909-ல் லண்டன் ஹாலோவே சிறையில் மேரியன் வாலஸ் டன்லப் என்ற பெண் வாக்குரிமைப் போராளி சாப்பிட மறுத்ததும் 'ஹங்கர் ஸ்டிரைக்' நாடறிந்த ஆயுதமானது. நாம் அதற்கு உண்ணாவிரதம் என்ற நம் சொல்லையே வைத்துக்கொண்டோம். 1915-ல் கிளாஸ்கோ நகரப் பெண்கள் வீட்டு வாடகை தரமாட்டோம் என்று நின்றபோது 'ரென்ட் ஸ்டிரைக்'. அந்த ஆண்டே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. அமெரிக்க பேஸ்பாலில் ஸ்டிரைக் என்றால் மட்டையாளர் பந்தைத் தவறவிட்டதும் கணக்கு. அடிக்காததற்கு அடி என்று பெயர்! மூன்று ஸ்டிரைக் ஆனால் வெளியே. "சேனலுக்கு ஸ்டிரைக் விழுந்துருச்சு" என்று யூடியூப் நடத்தும் பையன்கள் புலம்புவது இந்த வகை. அங்கே ஸ்டிரைக் செய்வது கம்பெனி, வாங்குவது உழைப்பவன். உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள், ரசிப்பாள்.

சொல் இல்லாமல் இருப்பதும் பிரச்சினையாகும். சங்கம் சேரும் உரிமை பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87-வது உடன்படிக்கையில், 1948-ல் எழுதியபோது, ஸ்டிரைக் என்ற சொல்லே இடம்பெறவில்லை. உரிமை அதற்குள் அடங்கியிருக்கிறது என்று தொழிலாளர் தரப்பும், எழுதாத உரிமை இல்லை என்று முதலாளிகள் தரப்பும் பல ஆண்டு மோதி, 2023 நவம்பரில் அந்த அமைப்பு சர்வதேச நீதிமன்றத்திடமே ஆலோசனைக் கருத்துக் கேட்டது. இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்கவே இல்லை என்பதால் உங்கள் மெமோவுக்கு அது நேரடியாக உதவாது.

இப்போது ஓசூருக்கு வருகிறேன்.

2020-ன் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அந்தப் பழைய வாக்கியத்தை அப்படியே வைத்துக்கொண்டு, வாலில் ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள்: ஒரு தொழிலில் வேலை செய்யும் தொழிலாளர்களில் 50 சதவீதமோ அதற்கு மேலோ, ஒரு குறிப்பிட்ட நாளில் கூட்டாகத் தற்செயல் விடுப்பு எடுப்பதும் ஸ்டிரைக்தான். அரசு ஊழியர் சங்கங்கள் தற்செயல் விடுப்புப் போராட்டம் என்று அறிவிப்பதை நீங்கள் பேப்பரில் படித்திருப்பீர்கள். சம்பளமும் போகாமல், ஸ்டிரைக் என்ற பெயரும் வராமல் எதிர்ப்பைக் காட்ட வகுத்த நடுவழி அது. தனியார் ஆலைகளும் அதைப் பழகிக்கொண்டன. அந்த வழியைத்தான் அடைத்திருக்கிறார்கள். விடுப்பு என்பது தொழிலாளியின் கணக்கில் இருக்கும் உரிமை. அதை எத்தனை பேர் ஒரே நாளில் எடுக்கிறார்கள் என்பதை வைத்துப் பெயரை மாற்றுவது மோசமான சட்டம் எழுதும் முறை என்பது என் கருத்து. ஆனால் என் கருத்தை வைத்து உங்கள் மெமோவுக்குப் பதில் எழுத முடியாது.

கணக்கைப் பார்ப்போம். நிர்வாகம் 240-ல் 170 என்று பார்க்கிறது, 70 சதவீதம். ஆனால் "நிரந்தரத் தொழிலாளர்களில்" என்று சட்டம் சொல்லவில்லை, "ஒரு தொழிலில் வேலை செய்யும் தொழிலாளர்களில்" என்கிறது. உங்கள் வளாகத்தில் அதே மிஷினை ஓட்டும் 200-க்கு மேற்பட்ட கான்ட்ராக்ட் ஆட்கள் தொழிலாளர்கள் இல்லையா? அவர்களையும் சேர்த்தால் மொத்தம் 440-க்கு மேல். அதில் 170 என்பது 40 சதவீதம்கூட வராது. நிர்வாகம் என்ன சொல்லும்? 50 சதவீதம் இல்லாவிட்டாலும் வரையறையின் முதல் பகுதியில் "எத்தனை பேரானாலும்" என்று இருக்கிறதே, அதில் வரும் என்று வாதாடும். அதற்கு எதிர்வாதம்: தற்செயல் விடுப்புக்கென்று தனியாக ஒரு வரம்பை நாடாளுமன்றம் வகுத்துவிட்ட பிறகு, அந்த வரம்புக்குக் கீழே இருப்பதைப் பொதுப் பகுதிக்குள் இழுத்தால் வரம்பு வைத்ததற்கே அர்த்தமில்லாமல் போய்விடும். இந்தச் சட்டம் புதிது என்பதால் முடிந்த முடிவு என்று இதைச் சொல்லமாட்டேன். ஆனால் தைரியமாக வைக்கக்கூடிய வாதம். அந்த வெள்ளிக்கிழமை கான்ட்ராக்ட் ஆட்கள் எத்தனை பேர் உள்ளே வேலை செய்தார்கள் என்பதை இப்போதே குறித்து வையுங்கள்.

அடுத்தது, உங்கள் சி.எல். சீட்டுகளுக்கு என்ன ஆனது? சூப்பர்வைசர் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டாரா, நிராகரித்தாரா, பேசாமல் மேஜை இழுப்பறையில் வைத்தாரா? அனுமதித்த விடுப்பைப் பிறகு ஸ்டிரைக் என்று பெயர் மாற்றுவது நிர்வாகத்துக்கு எளிதல்ல. நகல் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள்.

8 நாள் பிடித்தம் எங்கிருந்து வருகிறது என்றால், பழைய ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தில் இருந்து 2019-ன் ஊதியத் தொகுப்புச் சட்டத்துக்கு வந்த ஒரு பிரிவு. 10 பேர் அல்லது அதற்கு மேல் கூட்டாக, முறையான முன்னறிவிப்பும் நியாயமான காரணமும் இல்லாமல் வராமல் இருந்தால் 8 நாள் சம்பளம் வரைக்கும் பிடிக்கலாம். ஆனால் அந்த முன்னறிவிப்பு உங்கள் வேலை ஒப்பந்தம் கேட்கிற முன்னறிவிப்பாக இருக்கவேண்டும், அதைத் தராவிட்டால் ஈடாகத் தொகை உண்டு என்று அதே ஒப்பந்தத்தில் எழுதியிருக்கவேண்டும். உங்கள் நியமன உத்தரவையும் நிலையாணைப் புத்தகத்தையும் (கம்பெனியின் பணி விதிகள்) எடுத்து வரிவரியாகப் படியுங்கள். அப்படி ஒரு விதி இல்லாவிட்டால் வராத அந்த ஒரு நாளுக்கு மட்டும்தான் பிடிக்க முடியும். வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பதை 1990-ல் கேலாவாலா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஸ்டிரைக் நாளுக்குச் சம்பளம் வேண்டுமென்றால் அது சட்டப்படியும் இருக்கவேண்டும், நியாயமாகவும் இருக்கவேண்டும் என்று 1994-ல் சிண்டிகேட் வங்கி வழக்கில் தெளிவுபடுத்தியது. எனவே அந்த ஒரு நாள் சம்பளத்துக்காகச் சண்டை போட்டு நேரத்தை வீணாக்கவேண்டாம். பாக்கி 7 நாளுக்குப் போடுங்கள்.

உங்கள் மனிதவள அதிகாரி 2003-ன் ரங்கராஜன் தீர்ப்பை எடுத்துக் காட்டலாம். தமிழ்நாடு அரசு ஊழியர்களை ஒரே மூச்சில் லட்சக்கணக்கில் டிஸ்மிஸ் செய்த சமயத்தில் வந்த தீர்ப்பு அது. ஸ்டிரைக் செய்ய அடிப்படை உரிமை கிடையாது, சட்ட உரிமையும் தார்மீக உரிமையும்கூடக் கிடையாது என்றது. அது அரசு ஊழியர் வழக்கு. ஆலைத் தொழிலாளிக்கு ஸ்டிரைக்கைச் சட்டமே ஒழுங்குபடுத்துகிறது. ஒழுங்குபடுத்துகிறது என்றாலே அதற்குள் நடந்தால் அனுமதி உண்டு என்றுதான் பொருள்.

ஆனால் அந்த ஒழுங்கு இப்போது இறுகிவிட்டது. முன்பு ரயில், குடிநீர் போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும்தான் ஸ்டிரைக் நோட்டீஸ் கட்டாயம். உங்கள் மாதிரி ஆலைக்குக் கிடையாது. இப்போது எல்லாத் தொழில் நிறுவனத்துக்கும் 14 நாள் நோட்டீஸ் வேண்டும், கொடுத்த நோட்டீஸ் 60 நாளுக்குத்தான் செல்லும். நோட்டீஸ் போனதும், இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசும் அரசின் சமரச அதிகாரி முதல் கூட்டத்தைக் கூட்டிவிட்டால் சமரச நடவடிக்கை தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அது நடக்கும்போதும், முடிந்து 7 நாள் வரையிலும் ஸ்டிரைக் கூடாது. அபராதமும் ஏறிவிட்டது. பழைய சட்டத்தில் சட்டவிரோத ஸ்டிரைக்குத் தொழிலாளிக்கு 50 ரூபாய் வரை. இப்போது 1,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாய் வரை, ஒரு மாதச் சிறையும் சேரலாம். சட்டவிரோதக் கதவடைப்பு செய்யும் முதலாளிக்கு 50,000 முதல் 1 லட்சம். நீங்கள் எவருமே நோட்டீஸ் கொடுக்கவில்லை என்பதால், வெள்ளிக்கிழமை ஸ்டிரைக் என்று முடிவானால் சட்டவிரோதம் என்பதும் கூடவே வந்துவிடும். அதனால்தான் அந்த 50 சதவீதக் கணக்கில் நான் இவ்வளவு நேரம் நின்றேன்.

போனஸ் தகராறு ஏற்கெனவே சமரச அதிகாரியிடம் போயிருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. போயிருந்தால் கத்திக்கு இரண்டு பக்கமும் கூர். உங்களுக்கு ஸ்டிரைக் தடை. நிர்வாகமும் அந்தத் தகராறு சம்பந்தப்பட்ட விஷயத்தில் அதிகாரியின் அனுமதி இல்லாமல் யாரையும் வேலையை விட்டு அனுப்பவோ பணி நிலைமைகளை மாற்றவோ முடியாது.

மெமோவுக்குப் பதில் எழுதும்போது ஒரு எச்சரிக்கை. சங்க அலுவலகத்தில் ஒரே பதிலை டைப் செய்து 170 நகல் எடுத்து எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. இந்த முறை வேண்டாம். கூட்டாகச் செய்தீர்கள் என்று நிரூபிக்கவேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு. ஒரே எழுத்துப் பிழையோடு 170 பதில் போனால் அந்த வேலையை நீங்களே முடித்துக் கொடுத்துவிடுகிறீர்கள். அன்று எதற்காக லீவு எடுத்தீர்கள் என்பதை ஒவ்வொருவரும் உண்மையாக, சுருக்கமாக எழுதட்டும். கோவிலுக்குப் போனேன், ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்று இட்டுக்கட்டாதீர்கள், உள்விசாரணையில் குறுக்குக் கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள். "நாளைக்கு எல்லாரும் சி.எல்." என்று வாட்ஸ்அப் குழுவில் யாராவது போட்டிருந்தால் அதை அழிக்கவும் அழிக்காதீர்கள். 170 பேர் போனில் இருப்பதில் ஒன்று ஏற்கெனவே எச்.ஆர். கைக்குப் போயிருக்கும். அழித்தீர்கள் என்பது புதுக் குற்றச்சாட்டாக வரும். மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் பிடித்தம் கிடையாது என்று யாராவது தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால், "ஸ்டிரைக்கில் ஈடுபட்டேன்" என்ற வார்த்தை அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சங்கத்திடம் காட்டாமல் பேனாவைத் தொடாதீர்கள்.

பதிலின் முதல் வாக்கியம் இப்படி இருக்கட்டும்: "குறிப்பிட்ட நாளில் நான் என் கணக்கில் இருந்த தற்செயல் விடுப்புக்கு விண்ணப்பித்துவிட்டுத்தான் வரவில்லை, ஸ்டிரைக்கில் ஈடுபட்டேன் என்ற குற்றச்சாட்டை மறுக்கிறேன்." அடுத்த வாக்கியத்தில், அன்று நிறுவனத்தில் வேலை செய்த மொத்தத் தொழிலாளர் எண்ணிக்கையை, ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து, வருகைப் பதிவேட்டோடு தரும்படி கேளுங்கள். மூன்றாவதாக, 8 நாள் பிடித்தத்துக்கு நிலையாணையின் எந்த விதி ஆதாரம் என்று கேளுங்கள். இதற்கு மேல் வளர்க்கவேண்டாம். பிடித்தம் செய்தே விட்டால் ஊதியக் கோரிக்கை மனுவைச் சம்பள ரசீதோடு தொழிலாளர் துறை அதிகாரியிடம் தனியாகப் போடலாம், அதற்கு இந்த மெமோ விசாரணை முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.